தோட்டத்தில் பிறந்த மருத்துவம்

கெடா மாநிலத்துக் கோலா கெத்தில் வட்டாரத்தின் இரப்பர்த் தோட்டங்கள் தமிழர் உழைப்பில் செழித்தவை. விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற தாய்மாருள், பிள்ளைப்பேற்றால் வந்த நோயை வெளியே சொல்ல நாணி, வலியோடே வேலைக்காட்டுக்கு நடந்தோர் உண்டு. அத்தகைய நோய்களுள் ஒன்றுக்கு அறுவை மருத்துவம் தோன்றிய வரலாறும் தோட்டத்து மகளிரின் வரலாறே என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

பேறு நாட்கணக்கில் தடைப்படின், குழந்தையின் தலை அழுத்தித் தாயின் தசை குருதியோட்டமின்றி அழியும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாது கசியும். உயிர் தப்பினும் ஊரும் உறவும் அவளை ஒதுக்கும்.

அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பின மக்கள் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்ற காலம் அது. அங்கு மாண்ட்கோமரி நகரில் மரியன் சிம்ஸ் எனும் மருத்துவர், 1845 முதல் 1849 வரை, அனார்ச்சா, லூசி, பெட்சி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் இவ்வறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1846இல் ஈதர் மயக்க மருந்தின் பயன் பாஸ்டனில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் அஃது அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அனார்ச்சாவுக்குச் செய்த முப்பதாவது அறுவையில், வெள்ளிக் கம்பித் தையலால் துளை மூடியதென்று சிம்ஸ் எழுதினார். அவருக்குச் சிலைகள் எழுந்தன. அப்பெண்களை உலகம் மறந்தது. 2018இல்தான் நியூயார்க்கிலிருந்த அவர் சிலை அகற்றப்பட்டது. 2021இல் மாண்ட்கோமரியில் அம்மூவருக்கும் சிலை எழுந்தது.

தமிழகத்திலோ தடை வேறு வடிவில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேற்றுத் துன்பத்தால் மாண்டனர். ஆண் மருத்துவர் அருகிலிருந்தும், அவர் தொடுதல் கூடாதென வீட்டார் மறுத்தமையே காரணம். அதனைக் கண்டு மனம் மாறிய ஐடா ஸ்கடர், தாமே மருத்துவம் பயின்று, 1918இல் வேலூரில் மகளிருக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

ஓரிடத்தில் பெண்ணின் மறுப்புக்கு மதிப்பில்லை. மற்றோரிடத்தில் அவளது விருப்பத்தைக் கேட்பாரில்லை. இன்று நம் நாட்டில் மருத்துவமனைப் பேறு வழக்கமாகிவிட்டமையால் இத்துளை நோய் அருகிவிட்டது. எனினும் கருப்பை இறக்கம், கட்டி போன்றவற்றை மறைத்து வாழும் தாய்மார் இன்றும் உளர். அறுவை மருத்துவம் எட்டும் தொலைவில் இருந்தும், நாணம் வாயை அடைக்கிறது. மறுக்க இயலாத மூன்று பெண்கள் பட்ட வலியில் விளைந்த கல்வி இது. அவர்தம் பெயர்களை வகுப்பறையில் சொல்லும் ஆசிரியர், நம் தாய்மார் தம் நோயை வாய்விட்டு உரைக்கும் துணிவுக்கும் வழி திறப்பாராக.