ரோக்ஃபோர்: மலைப்பிளவும் பெயருரிமையும்

தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில், கொம்பலூ என்னும் சுண்ணாம்புக்கல் மலையின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். உழுவதற்கு நல்ல நிலமும் இல்லை. ஆயினும் அதன் பெயரைத் தாங்கிய நீலப் பாலாடைக்கட்டி உலகெங்கும் விற்கிறது. இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குகையில் தொடங்கிக் குகையிலேயே முடித்துவிடுகிறார்கள்: மலை சரிந்தது, காற்று புகுந்தது, பூஞ்சணம் பிடித்தது, ஊர் செழித்தது. இந்த விளக்கம் பொய்யன்று, அரைகுறையானது. ரோக்ஃபோரின் செல்வத்தை நிலைநிறுத்தியது, தன் பெயர்மீது அந்த ஊர் படிப்படியாகப் பெற்ற சட்ட உரிமையே என்பது என் வாதம்.

முதலில் மலைக்குரியதை மலைக்குக் கொடுத்துவிடலாம். பழங்காலத்தில் கொம்பலூவின் ஒரு பக்கம் இடிந்து சரிந்தது. பாறைக் குவியலின் இடைவெளிகள் குகைகளாயின. 'ஃப்ளூரீன்' எனப்படும் நீண்ட பிளவுகள் வழியாக ஈரக்காற்று அவற்றுள் ஓயாமல் நுழைந்து வெளியேறுகிறது. கோடையிலும் குளிரிலும் உள்ளே வெப்பம் சுமார் 10 பாகை செல்சியஸ். ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 'பெனிசிலியம் ரோக்ஃபோர்த்தி' என்ற பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான இருப்பிடம் வேண்டியதில்லை. ஊரார் குகைகளை அடுக்கடுக்காகக் கீழ்நோக்கி விரித்து, மேலே வீடுகளைக் கட்டிக்கொண்டனர்.

ஆனால் சுண்ணாம்புக்கல்லும் பிளவும் ரோக்ஃபோருக்கு மட்டும் வாய்த்தவையல்ல. சுற்றியுள்ள கோஸ் மேட்டுநிலங்களில் இத்தகைய குகைகள் உண்டு. அங்கே பசும்பாலில் முதிரும் 'ப்ளூ தே கோஸ்' ரோக்ஃபோருக்கு நெருங்கிய உறவு, பூஞ்சணமும் அதுவே. ஆயினும் அதன் பெயரைப் பிரான்சுக்கு வெளியே அறிந்தவர் சிலரே. இரண்டையும் பிரித்த வேலி எது? 1925 ஜூலை 26ஆம் நாள் சட்டம். ரோக்ஃபோர் என்ற பெயர் செம்மறிப் பாலில் செய்து இவ்வூரில் முதிர்த்ததற்கே உரியது என்று அது வரையறுத்தது. பசும்பால் பெயருக்கு வெளியே தள்ளப்பட்டது. பிரான்சில் ஒரு பாலாடைக்கட்டிக்குக் கிடைத்த முதல் பிறப்பிடப் பாதுகாப்பு இது. இன்று நாம் புவிசார் குறியீடு என்று சொல்வதன் முன்னோடிகளுள் ஒன்று.

அந்தச் சட்டம் வெறுங்காற்றில் பிறக்கவில்லை. 1411இல் ஆறாம் சார்ல் மன்னர் பாலாடைக்கட்டியை முதிர்க்கும் தனியுரிமையை ஊராருக்கு வழங்கினார். 1666இல் தூலூஸ் நீதிமன்றம் போலிச் சரக்கை அப்பெயரில் விற்பதைத் தடுத்தது. இவற்றுக்கும் முன்னே போய், ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் புகழ்ந்தார் என்று விளம்பரங்கள் சொல்லும். அவர் குறித்தது இன்றைய லோசேர் பகுதியின் பாலாடைக்கட்டி. மலைச்சரிவையும் ரோமையும் நேராக முடிச்சுப் போடுவதில் வணிகத்துக்கு லாபம் உண்டு, வரலாற்றுக்கு இல்லை.

பெயர்தான் மூலதனம் என்பதற்கு வலுவான சான்று பாலின் பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்து, சந்தை விரிந்தபோது, சுற்றுவட்டாரப் பால் போதவில்லை. நிறுவனங்கள் பிரனே மலையடிவாரத்திலும் கடல் தாண்டிக் கோர்சிகாத் தீவிலும் பால் கொள்முதல் செய்து, அங்கேயே கட்டியாக்கி, முதிர்ப்பதற்கு மட்டும் ரோக்ஃபோருக்கு அனுப்பின. புல்வெளி இடம் மாறலாம், குகை மாறக்கூடாது என்ற ஏற்பாடு இது. இன்றைய விதிகள் பாலின் எல்லையைச் சுருக்கி, லக்கோன் இன ஆடுகளை மட்டுமே அனுமதிக்கின்றன. ஆனால் குகைக்குள் கட்டாயமாக இருக்கவேண்டிய காலமோ குறைந்தது 14 நாட்களே. மொத்த முதிர்வுக் காலம் குறைந்தது 90 நாட்கள். மீதியைக் குளிர்பதன அறைகள் பார்த்துக்கொள்கின்றன. சட்டம் அந்தப் பதினான்கு நாட்களுக்குத்தான் விலை வாங்கித் தருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தப் பெயரின் நிழலில் ஒரு வட்டாரமே வாழ்ந்தது. பாலை மிச்சப்படுத்த ஆட்டுக்குட்டிகள் இளமையிலேயே வெட்டப்பட்டன. அவற்றின் மென்தோல் மியோ நகரின் கையுறைத் தொழிலுக்குப் போயிற்று. குகைகளில் உப்பிட்டதும் மேற்பரப்பைச் சுரண்டியதும் 'கபானியேர்' எனப்பட்ட பெண் தொழிலாளர்கள். பலர் பக்கத்து ஊர்களிலிருந்து பருவத்துக்கு வந்து தங்கிய ஏழைப் பெண்கள். பெயருரிமை பற்றிய ஏடுகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. குகை உடைமையாளரும் பால் தருவோரும் வேறு வேறு வர்க்கம். விலைத் தகராறுகளுக்குப் பிறகு, 1930இல்தான் இருதரப்பும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்தன.

பெயர் பலமென்றால் அதுவே எளிதில் தாக்கக்கூடிய இடமுமாகும். ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியை ஐரோப்பா மறுத்ததற்குப் பதிலடியாக 1999இல் அமெரிக்கா ரோக்ஃபோர்மீது 100 சதவீத வரி விதித்தது. மாட்டிறைச்சித் தகராறில் ரோக்ஃபோர் இழுக்கப்பட்டதற்குக் காரணம், அதன் பெயர் உலகறிந்ததாக இருந்ததே. இந்த வரிக்கு எதிர்ப்பாக அதே ஆண்டு ஆகஸ்டு 12இல், ரோக்ஃபோருக்குப் பால் தந்த விவசாயி ஜோசே போவே தோழர்களுடன் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப்போட்டார்.

இனி வரும் சோதனை உள்ளிருந்து வருகிறது. ஊரின் மிகப்பெரிய உற்பத்தியாளரான 'சொசியெத்தே' 1992 முதல் இன்றைய லக்தாலீஸ் குழுமத்தின் கையில் உள்ளது. 2019இல் அந்நிறுவனம் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலில் செய்த செம்மறி நீலக் கட்டி ஒன்றைத் தன் வணிகப் பெயரில் இறக்கியது. அதற்குக் கொம்பலூ வேண்டாம், 14 நாள் விதி வேண்டாம். 'ரோக்ஃபோர்' என்ற சொல்லைச் சட்டம் காக்கிறது. 'சொசியெத்தே' என்ற சொல் நிறுவனத்தின் தனிச்சொத்து. வாங்குபவர் நினைவில் இரண்டாவது பெயரே முந்திக்கொண்டால், ஆறு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்த உரிமையிலிருந்து ஊருக்கு வரவேண்டிய வருமானம் குறையும். கொம்பலூவின் பிளவுகள் வழியே காற்று வழக்கம்போல வீசிக்கொண்டிருந்தாலும்.