விண்ணிலிருந்து நீராவியிழப்பை அளத்தல்: திருச்சிராப்பள்ளி வறள்நிலங்களை முன்வைத்து

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருவகை நிலங்கள் உள்ளன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் நெல்லும் வாழையும் ஆற்றுநீரில் விளைகின்றன. தென்மேற்கே மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி வட்டாரங்கள் மழையையும் கிணற்றையும் நம்பியவை. அங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆவியாக வானுக்கே திரும்பிவிடுகிறது. மண்ணிலிருந்து நீர் ஆவியாதலும் இலைத்துளை வழியான நீராவிப்போக்கும் சேர்ந்ததே மொத்த நீராவியிழப்பு ஆகும்.

தொடக்க கால அளவீடுகள்

1687-இல் எட்மண்ட் ஹாலி, தட்டில் உப்புநீரை இளஞ்சூடாக்கித் தராசில் நிறுத்து, குறைந்த எடையைக் கொண்டு மத்தியதரைக் கடலின் ஆவியிழப்பைக் கணக்கிட்டார். 1948-இல் இங்கிலாந்தின் ஹோவர்ட் பென்மன், வெயில், காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை ஒரே சமன்பாட்டில் இணைத்தார். 1965-இல் ஜான் மான்டீத் அதில் பயிரின் தடையையும் சேர்த்தார். இன்றும் வானிலை நிலையங்களில் ஆவியாதல் தட்டு பயன்படுகிறது. ஆனால் ஒரு தட்டு ஓரிடத்தின் நிலையை மட்டுமே காட்டும்.

செயற்கைக்கோள் காலம்

1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் எதிரொளித்த ஒளியை மட்டுமே பதிவு செய்தது. 1982-இல் வந்த லேண்ட்சாட்-4 நிலத்தின் வெப்பத்தையும் பதிவு செய்தது. 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ பயிர்ப் பரப்பை அறிய வழிசெய்தது. 1990-களில் நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சன் ‘செபால்’ என்னும் கணக்கீட்டு முறையை உருவாக்கினார். 2008-இல் லேண்ட்சாட் படங்கள் இலவசமாக்கப்பட்டதால், மாணவர்களும் இவ்வாய்வில் இறங்க முடிந்தது.

செயல்படும் முறை

ஈரத்துணி போர்த்திய பானை குளிர்ந்திருப்பதே இதன் அடிப்படை. நீர் ஆவியாகும் நிலம் குளிர்ந்தும், உலர்ந்த நிலம் சூடாகவும் இருக்கும். நிலத்தை அடையும் நிகர ஆற்றலிலிருந்து, மண்ணைச் சூடாக்கியதையும் காற்றைச் சூடாக்கியதையும் கழித்தால், எஞ்சுவது நீரை ஆவியாக்கிய ஆற்றல். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் தேவை என்பதால் நீரின் அளவு கிடைத்துவிடும். செபால் முறையில் படத்தின் மிகக் குளிர்ந்த இடமும் மிகச் சூடான இடமும் இரு எல்லைகளாகின்றன. நம் மாவட்டத்தில் தீவின் வாழைத்தோட்டத்தையும் மணப்பாறைப் பக்கத் தரிசையும் அவ்வாறு கொள்ளலாம்.

வறள்நிலத்தின் சிக்கல்கள்

ஐ.நா. வரையறைப்படி, ஆண்டு மழையை நீர் தட்டாத நிலையில் ஏற்படக்கூடிய நீராவியிழப்பால் வகுக்கும்போது 0.65-க்குக் குறைந்தால் அது வறள்நிலம். அங்கே செடிகள் இடைவிட்டு நிற்பதால் இலையின் வெப்பமும் வெற்றுமண்ணின் வெப்பமும் ஒரே படப்புள்ளியில் கலந்துவிடுகின்றன. ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாட்கள் ஆகும். பயிர் தளிர்க்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமும் மறைக்கிறது. ஆகவே களத்தில் மண் ஈரத்தை அளந்து சரிபார்ப்பது தவிர்க்க முடியாதது.

பயன்

ஒரு எக்டேரில் 1 மி.மீ. இழப்பு என்பது 10,000 லிட்டர். வயலில் கசிந்த நீர் கிணற்றுக்குத் திரும்பலாம். ஆவியானது அந்நிலத்துக்குத் திரும்பாது. சொட்டுநீர்ப் பாசனத்தால் உண்மையில் எவ்வளவு நீர் மிச்சமாகிறது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கும் ‘திரிஷ்ணா’ செயற்கைக்கோள் நில வெப்பத்தை அடிக்கடி அளக்க உள்ளது. ஆற்றுநீர் எட்டாத ஊர்களுக்கு இக்கணக்கு மிகவும் தேவை.