கல்லில் ஒரு வல்லூறு, துணியில் ஒரு வல்லூறு

பண்டைய எகிப்தியர் தம் அரசனை வல்லூறு வடிவத் தெய்வமான ஹோரஸின் மண்ணுலக உருவாகவே கருதினர். ஆதலால் அரச சிற்பக்கலையும், விலங்குகளின் உடலைப் பதனிட்டு மம்மியாக்கும் தொழிலும் அங்கே ஒரே நம்பிக்கையில் வேரூன்றி வளர்ந்தன. கீசா பள்ளத்தாக்குக் கோயிலில் 1860இல் கண்டெடுக்கப்பட்ட மன்னன் காஃப்ரேயின் சிலை, நூபியப் பாலைவனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நைஸ் என்னும் கடும்பாறையில் வடிக்கப்பட்டது. எதிரே நின்று காண்பவருக்கு அரியணையில் அமர்ந்த மன்னன் மட்டுமே தெரிவான். பக்கவாட்டில் நகர்ந்தால்தான், பிடரிக்குப் பின்னே அமர்ந்த வல்லூறு இரு சிறகுகளாலும் அவன் தலையை அணைத்துக் காப்பது புலப்படும்.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்குப் பின் ஆண்ட இரண்டாம் நெக்டனெபோவின் (கி.மு. 360–343) சிலையிலோ வல்லூறே பேருருவாக நிற்க, அதன் கால்களுக்கிடையே மன்னன் சிற்றுருவாக ஒடுங்கி நிற்கிறான். பாரசீகரிடம் அரியணையை இழந்த இம்மன்னன் விலங்கு வழிபாட்டை முனைந்து ஆதரித்தவன்.

கற்சிலை செய்விக்க இயலாத எளிய மக்களுக்கு, துணியில் சுற்றிய பறவையே நேர்த்திக்கடன் ஆயிற்று. ஹோரஸுக்கு வல்லூறும், அறிவின் தெய்வமான தோத்துக்கு அரிவாள் மூக்கனும், பாஸ்டெட்டுக்குப் பூனையும் உரியவை. நேட்ரான் என்னும் இயற்கை உவர் உப்பால் ஈரத்தை உறிஞ்சியோ, உருக்கிய பிசினில் தோய்த்தோ உடலைப் பதப்படுத்திய தொழிலாளர், வெளுத்த நாடாவையும் சாயமிட்ட நாடாவையும் மாற்றி மாற்றிப் பின்னிக் கட்டங்கள் அமையச் சுற்றினர். சக்காராவில் அரிவாள் மூக்கன்களை மண்சாடிகளில் இட்டு, வாய்மூடிப் பூசி, நிலவறைகளில் வரிசையாக அடுக்கினர்.

தேவை பெருகியபோது முறைகேடும் நுழைந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அங்குப் பணியாற்றிய ஹோர் என்பவரின் ஓட்டுச்சில் குறிப்புகள், சாடிக்கு ஒரு பறவை இருந்தாக வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 800க்கு மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஊடுகதிரால் ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்கில் விலங்கின் எச்சமே இல்லை என்று 2015இல் அறிவித்தனர். எனினும் இறகும் கூட்டுக் குச்சியும் கோயில் வளாகத்து மண்ணுமே புனிதம் என்று கருதி அவற்றைப் பொதிந்திருக்கக்கூடும் என்பதால், அனைத்தையும் ஏமாற்று என ஒதுக்குவது பொருந்தாது.

பிற்காலம் இவ்விரு படைப்புகளையும் ஒன்றாக மதிக்கவில்லை. காஃப்ரே மன்னனின் கற்சிலை கெய்ரோ அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. மக்களின் காணிக்கையான பூனை மம்மிகளோ, சுமார் 19 டன் அளவில் 1890இல் லிவர்பூலுக்குக் கப்பலேறி, ஏலத்தில் விற்கப்பட்டு, வயல்களுக்கு எருவாக அரைக்கப்பட்டன.