பயிற்சிப் படங்களும் வரலாறும்

1919-இல் மொஸ்கோவில் திரைப்படப் பள்ளி தோன்றியபோது படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம். குலெஷோவின் மாணவர்கள் சுருளின்றி மேடையிலேயே ‘படம்’ பயின்றனர். ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்துக் குலெஷோவ் நடத்திய சோதனை உலகப் புகழ் பெற்றது, சுருளோ எஞ்சவில்லை. புடோவ்கின் முதலியோர் எழுதி வைத்தமையாலேயே அதனை அறிகிறோம்.

அந்த எழுத்துத்தான் நமது புத்தளக் கரையில் இல்லை. சுருளுக்கு இங்கே பஞ்சமேது? கைத்தொலைபேசி போதும். 1990 ஒக்டோபரில் வடக்கினின்று விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் பேரப்பிள்ளைகள் ஊடகக் கற்கைப் பயிற்சிக்காக உப்பளத்தையும் கற்பிட்டிக் கடலையும் படம் பிடிக்கின்றனர். நடுவே பாட்டி ஒருத்தி, பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறாள். புள்ளி வழங்கியதும் படம் அழிக்கப்படுகிறது. அடுத்த வகுப்பு வரும்வரை அவள் இருப்பாளோ? எடுத்தவர், இடம், நாள், பேசியவரின் பூர்வீக ஊர்: படத்தோடு இந்நான்கையும் பாடசாலை நூலகம் பேணட்டும்.