மாதம் 250 டாலரில் தொடங்கிய தொழில்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவி, உடற்பயிற்சி ஆசிரியைகளின் அன்றாடக் கடமைகளில் ஒன்றாகத் தொடங்கியது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். மறு ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகள் இரண்டாமாண்டு மாணவிகளுடன் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. பெரன்சன் பந்தை மேலே எறிந்தபோது அவர் கை பட்டு ஒரு மாணவியின் தோள் மூட்டு விலகியது. வேறொரு மாணவியை இறக்கி ஆட்டம் தொடர்ந்தது.

பெரன்சன் ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்குவதைத் தடை செய்தார். வெற்றியைவிட உடல்நலமே இந்த விதிகளின் நோக்கம். பின்னர் வந்த, பிரித்த களத்தில் அணிக்கு அறுவர் ஆடும் முறை 1971 வரை கல்லூரிகளில் நீடித்தது. அதுவரை பயிற்றுநருக்குத் தனிச் சம்பளம் என்பது அரிது.

1972இல் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம், கூட்டரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனாலும் பணம் உடனே வந்துவிடவில்லை. 1974இல் டென்னசி பல்கலைக்கழக அணியைப் பேட் சம்மிட் ஏற்றபோது அவருக்கு வயது 22, முதுகலை மாணவி. சம்பளம் மாதம் 250 டாலர். அணியின் சீருடையைத் துவைத்ததும் வேனை ஓட்டியதும் அவரே. முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார். 2012இல் ஓய்வு பெற்றபோது 1,098 வெற்றிகளும் எட்டு தேசியப் பட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன.

1982இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியது. அதன் முதல் இறுதியாட்டத்துக்குக் கறுப்பின மக்களுக்காகத் தோன்றிய செய்னி கல்லூரியை அழைத்து வந்தவர் விவியன் ஸ்டிரிங்கர். அதன்பின் தொழிலுக்கு ஒரு படிக்கட்டு அமைந்தது: ஆட்டக்காரர், துணைப் பயிற்றுநர், சிறிய கல்லூரியின் தலைமை, பிறகு பெரிய பல்கலைக்கழகம். பள்ளி மாணவிகளைத் தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி, அணிக்குச் சேர்ப்பது துணைப் பயிற்றுநரின் முக்கிய வேலை. எல்லாரும் ஒவ்வொரு படியாக ஏறவில்லை. ஒலிம்பிக் வீராங்கனை டான் ஸ்டேலி, ஆடிக்கொண்டிருந்தபோதே 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். 2008இல் தென் கரோலினாவுக்குப் போனார். அங்கு 2025இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அவர் ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர்.

சம்பளம் ஏற ஏற ஆண்களும் இப்பணிக்கு வந்தார்கள். 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண் பயிற்றுநர்களிடம் இருந்தன. இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் பாதிகூட இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றின் வேர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தே வந்தது. அங்கே படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியபின் பயிற்றுநருக்கெனத் தனிப் பட்டயம் கிடைத்தது. ஆனால் மகளிர் கல்லூரிகளில் கூடைப்பந்து, கைப்பந்து, தடகளம் எல்லாம் பெரும்பாலும் ஓர் உடற்கல்வி இயக்குநரின் பொறுப்பிலேயே இருக்கின்றன. மாணவிகளுக்கு அவர் 'பி.டி. மேடம்'. இந்திய அணியின் முன்னாள் தலைவி, சென்னையின் அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு வேலை தந்தது கல்லூரி அல்ல, தெற்கு ரயில்வே.

மலேசியாவிலும் நிலைமை இதற்கு நெருக்கமானது. நாட்டின் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க அளவுக்கு ஊதியம் தரும் பயிற்றுநர் பதவி இல்லை. பள்ளிகளில் பயிற்சி தருவது பெரும்பாலும் புறப்பாடப் பொறுப்பாசிரியர்தான். பெரன்சன் ஸ்மித் கல்லூரியில் செய்த வேலையும் இதுவே.