பையனை யாரிடம் விடுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் வேளாங்கண்ணி பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். இப்போது முப்பத்தைந்து வயது. கூடவே எட்டாவது படிக்கும் மகன். பையன் போனைப் பார்த்தபடி தள்ளி நின்றான். "வீட்ல வாயே தொறக்க மாட்டேங்குறான் சார். நான் சொன்னா மொறைக்கிறான். நீங்க கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்றான். அதற்குள் நாகப்பட்டினம் பஸ் வந்துவிட்டது. "பாக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சுமார் 240 வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு ராஜா இதே வேண்டுகோளை வைத்தார். 1787. துளஜா மகாராஜாவுக்கு உடம்பு முடியவில்லை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் இறந்துவிட்டார்கள். போன்ஸ்லே வம்சத்தின் வேறொரு கிளையிலிருந்து ஒரு பையனைத் தத்து எடுத்தார். பிறந்தது 1777 செப்டம்பரில்; அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை. பிற்காலத்தில் நாம் இரண்டாம் சரபோஜி என்று சொல்கிறோமே, அவர்தான்.

ராஜா கூப்பிட்டு அனுப்பியது ஸ்வார்ட்ஸ் பாதிரியாரை. ஜெர்மனிக்காரர், 1750-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தமிழும் மராத்தியும் பேசுவார். ஹைதர் அலியிடம் கும்பினிக்காரர்கள் தூது அனுப்பியதும் இவரைத்தான். பையனை இவர் கையில் ஒப்படைத்து, இனி இவன் உங்கள் பிள்ளை என்று சொன்னாராம் துளஜா. ஸ்வார்ட்ஸ் சம்மதிக்கவில்லை. பிள்ளையை வேலியில்லாத தோட்டத்தில் விட்டுப் போகிறீர்கள், அரண்மனையில் பதவிக்குப் போட்டி இருக்கிறது, என்னால் மாதத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை வந்து பார்க்கத்தான் முடியும் என்றார். உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரிடம் விடுங்கள் என்று யோசனையும் சொன்னார். ராஜாவும் கேட்டுக்கொண்டார்.

வேலியில்லாத தோட்டம் என்று சரியாகச் சொன்னவர், வேலியாக யாரை நிறுத்தினார் பாருங்கள்! பட்டத்துக்கு ஆசைப்படக்கூடிய ஆளையே.

துளஜா அதே வருடம் இறந்தார். ஒரே மகனைத் தத்துக் கொடுக்கக் கூடாது, பையனுக்கு வயதும் தாண்டிவிட்டது என்று பண்டிதர்கள் சொல்ல, தத்து செல்லாது என்று கும்பினி முடிவு செய்தது. அமர்சிங் ராஜாவானார். பையனை அரண்மனைக்குள்ளேயே இருட்டறையில் அடைத்து வைத்தார்கள். படிப்பு கிடையாது. வெளியாட்களோடு பேச்சு கிடையாது. பன்னிரண்டு பதின்மூன்று வயது! ஓடியாடி, குரல் உடைந்து, எதிர்த்துப் பேசிப் பழக வேண்டிய வயது. அந்த வயதில் ஒரு பையனை இருட்டில் வைத்தால் என்ன ஆவான் என்று முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஸ்வார்ட்ஸை மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை. தான் சொன்ன யோசனை தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும் சென்னை கவர்னருக்கு எழுதினார், மறுபடியும் எழுதினார். பையனுக்குக் கும்பினிச் சிப்பாய்கள் காவல் வந்தது. வாத்தியார் வந்தார். ஸ்வார்ட்ஸும் நேரில் போய்ப் பார்த்தார். அதுவும் போதாது என்று தெரிந்தபோது, 1793-ல் பையனையும் துளஜாவின் ராணிகளையும் சென்னைக்கே அனுப்ப ஏற்பாடானது. அங்கே கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூரிலிருந்து ஸ்வார்ட்ஸ் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சரபோஜிக்கு அப்போது பதினைந்து வயது. ஸ்வார்ட்ஸ் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை வருவதே கஷ்டம் என்றவர்தான்.

இன்னொன்று, பையனை மதம் மாற்றவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகத்தான் வாழ்ந்தார். வளர்க்கிறோம் என்பதற்காகப் பிள்ளையை நம்மைப் போலவே ஆக்க வேண்டும் என்ற ஆசை நமக்கெல்லாம் உண்டு. டாக்டர் மகன் டாக்டராக வேண்டும், வாத்தியார் மகன் வாத்தியாராக வேண்டும். பாதிரியாருக்கு அந்த ஆசை எவ்வளவு இருந்திருக்கும்!

சில நண்பர்கள் உடனே எழுதுவீர்கள், தெரியும்: "சார், இதெல்லாம் கும்பினிக்காரன் சூழ்ச்சி." உண்மைதான். கும்பினிக்குத் தன் கணக்கு இருந்தது. 1798 ஜூன் 29-ல் சரபோஜிக்குப் பட்டம் கட்டி, அடுத்த வருடமே ஒப்பந்தம் போட்டு நாட்டை வாங்கிக்கொண்டது. அவருக்கு மிச்சம் கோட்டையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும்தான். அரசியல் அப்படித்தான் இருந்தது. ஆனால் பையன் உயிரோடும் புத்தியோடும் வளர்ந்தது ஒரு கிழவரின் பிடிவாதத்தால். அந்தப் பட்டாபிஷேகத்தை ஸ்வார்ட்ஸ் பார்க்கவில்லை. அந்த வருடம் பிப்ரவரி 13-ல் இறந்துவிட்டார்.

சரபோஜி ராஜாவாகி என்ன செய்தார் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சரஸ்வதி மகால், அச்சுக்கூடம், கண் வைத்தியக் குறிப்புகள் எல்லாம் நீங்கள் படித்தவைதான். நான் சொல்ல வந்தது 1801-ல் அவர் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதம். நாடு கைவிட்டுப் போன பிறகு, ராமேஸ்வரம் போகும் பாதையில் இருந்த சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கும் கடிதம். இங்கே என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதுகிறார். அதில் அனாதைப் பிள்ளைகளைப் பற்றி வருகிறது. யாத்திரை வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியாரின் பொறுப்பில் விடுகிறோம். மூன்று வேளை சாப்பாடு. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியல். துணிமணி, மருந்து. எந்தக் கலையில் விருப்பமோ அதில் பாடம். தேறிய பிறகு கல்யாணச் செலவும் சத்திரத்துடையது.

இந்தச் சத்திரங்களை ஆரம்பித்தது சரபோஜி அல்ல, அவருக்கு முந்தைய மராட்டிய ராஜாக்கள் காலத்திலிருந்தே உள்ளவை. ஆனால் நாட்டை இழந்த ஒருவர் மிச்சத்தைக் காப்பாற்ற எழுதும் கடிதத்தில், அனாதைப் பையனுக்கு எண்ணெய் தேய்க்கும் கணக்கை மறக்காமல் எழுதுகிறார். இருட்டறையில் கிடந்தவருக்குத்தான் அது தோன்றும் என்பது என் எண்ணம். "விருப்பமான கலையில்" என்ற இடத்தையும் இரண்டுமுறை படித்தேன். நாம் இன்றைக்கும் பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது பையனைக் கேட்பதில்லை.

சரி, தூக்கம் வராத கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் எட்டாம் வகுப்பில் பல இடங்கள் காலி. திரும்பி வந்தவர்களில் ஒரு பையன். அம்மா, அப்பா இரண்டு பேரும் இல்லை. முன்பு வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிறவன் அவன்தான். அவனுடைய பாட்டி கையைப் பிடித்து அழைத்து வந்து, "சார், நான் இன்னும் எத்தன நாளைக்கு? இவன நீங்கதான் பாத்துக்கணும்" என்றது. எனக்கு அன்றைக்கு நிவாரணப் பட்டியல், ஆஸ்பத்திரி, சொந்த வீட்டில் இரண்டு சாவு. "சித்தப்பா இருக்காரே பாட்டி, அவரு பாத்துக்குவாரு" என்றேன்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. அவரும் அந்த அலையில் ஒரு குழந்தையை இழந்தவர்தான். ஜூன் மாதம் பையன் பள்ளிக்கு வரவில்லை. கேரளாவில் போட் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். பதினான்கு வயது. ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "குடும்பத்துக்கு வேணும் சார்" என்றார் சித்தப்பா. திரும்பி வந்துவிட்டேன். ஸ்வார்ட்ஸ் செய்த தப்பைத்தான் நானும் செய்தேன். ஆனால் அவர் மாதிரி இரண்டாவது கடிதம் நான் எழுதவில்லை.

பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். நல்லபடியாகத்தான் இருக்கிறான். சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். என்மேல் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தகப்பன் எப்படிப் பேசுவான் என்பதை பதின்மூன்று வயதுக்கு மேல் அவன் பார்த்ததே இல்லை. தன் மகனிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்கு எங்கிருந்து தெரியும்?

தஞ்சாவூர் போகிறவர்கள் சிவகங்கைப் பூங்காவில் உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். சரபோஜி லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்து வாங்கிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. கட்டிலில் ஸ்வார்ட்ஸ் படுத்திருக்கிறார், சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிள்ளைகளை எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ தெரியாது.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பையனை அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன். "விட்டுட்டுப் போயிடவா சார்?" என்று கேட்டான். வேண்டாம், நீயும் இரு என்றேன். என் பழைய சைக்கிள் செயின் கழன்று இரண்டு மாதமாகத் திண்ணையில் சாத்திக் கிடக்கிறது. மூன்று பேருமாகச் சேர்ந்து மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.