சிக்கன் ஷாக்: ஓர் ஆல்பத்தின் பெயர் வந்த வழி

ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் த சிக்கன் ஷாக்’ ஆல்பத்தின் அட்டையில் ஒரு கொட்டகை, ஒரு நாய், ஒரு சேவல். அவற்றோடு ஆர்கன் கலைஞர் ஸ்மித். படமெடுத்தவர் ஃப்ரான்சிஸ் உல்ஃப். அழகான படம்தான். ஆனால் பெயரின் பொருளைத் திசைதிருப்பிவிடுகிறது. சிக்கன் ஷாக் என்பது கோழி அடையும் இடமல்ல, கோழி பொரிபடும் இடம்.

‘ஷாக்’ என்றால் ஒப்பேற்றிக் கட்டிய குடிசை. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் குடிசையைக் குறிக்கும் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக இப்படி மருவியது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் நடத்திய சிறிய பொரித்த கோழிக் கடைகளுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. அடுப்பும் பாட்டும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த ‘ஜிம்மீஸ் சிக்கன் ஷாக்’கில் ஆர்ட் டேட்டம் பியானோ வாசித்தார், அவர் வாசிப்பைக் கேட்டபடி அதே கடையில் பாத்திரம் கழுவிய இளைஞர், பின்னாளில் சாக்ஸபோன் மேதையான சார்லி பார்க்கர். பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் ஆனவரும் 1940-களில் அங்கே வேலை பார்த்தார். 1948-இல் பாடகர் ஏமஸ் மில்பர்னின் ‘சிக்கன் ஷாக் பூகி’ என்ற பாட்டு பெரும் வெற்றி பெற்றது. தன் குழுவுக்கே ‘சிக்கன்ஷாக்கர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார் அவர்.

ஆக, 1960 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸ்மித் உட்கார்ந்தபோது, அந்தப் பெயருக்குப் பல ஆண்டு வாழ்வு இருந்தது. ஸ்டான்லி டரன்டைன் சாக்ஸபோன், கென்னி பரல் கிட்டார், டொனால்ட் பெய்லி டிரம்ஸ். பேஸ் கலைஞர் தனியாக இல்லை. ஸ்மித்தின் இடக்கையும் கால் பெடலும் அதைப் பார்த்துக்கொண்டன. தலைப்புப் பாட்டு பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ். எட்டு நிமிடம் நீளும் அதில் அவசரமே கிடையாது. ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை அடக்கமாகத் தாளம் பிடிக்கிறார்கள்.

தலைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘பேக்’. புதிதாகப் போகும் இடமல்ல, திரும்பிப் போகும் இடம். தேவாலயங்களில் வேரூன்றிய ஹேமண்ட் ஆர்கனை நவீன ஜாஸின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த ஸ்மித், தன் வித்தையைக் காட்டுவதை இங்கே குறைத்துக்கொண்டு, சாப்பிட வந்தவர்கள் காலால் தாளம் போடும் இசைக்கே திரும்புகிறார். சோல் ஜாஸ் என்னும் இந்த இசைப் பாணியின் உயிர் அதுதான்.

1963-இல் ஆல்பம் வெளிவந்தது. 1965-இல் இங்கிலாந்தில் ஸ்டான் வெப் தொடங்கிய ப்ளூஸ் குழு இதிலிருந்தே பெயரெடுத்து ‘சிக்கன் ஷாக்’ ஆனது. 1968-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தின் தலைப்பு ‘நாற்பது நீல விரல்கள், புதிதாக அடைத்தவை, பரிமாறத் தயார்’ என்று பொருள்படும். கோழிக்கூண்டை விட்டுவிட்டு, சாப்பாட்டுப் பக்கத்தையே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.